வெம்மையும் அசைவறி கருவிகளும்

பள்ளிவாசல் சுவரில் ஊசல் கடிகாரம் தொங்கிய காலத்தை அறிந்தவர்கள் ஒரு செய்தியையும் அறிந்திருப்பர். மார்கழியில் ஒழுங்காக ஓடிய கடிகாரம் சித்திரையில் பின்தங்கத் தொடங்கும். மோதினார் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஊசற் குண்டின் அடியிலுள்ள திருகினைச் சற்றே முறுக்கிக் குண்டினை மேலேற்றி விடுவார். கடிகாரத்தில் பழுது ஏதும் இல்லை. வெம்மையால் ஊசல் தண்டு நீண்டுவிட்டது. நீண்ட ஊசல் மெல்ல ஆடும். எஃகுத் தண்டாயின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர, நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை வினாடி பின்தங்கும். எட்டுப் பாகை உயர்வு ஒரு மாதம் நீடித்தால் இரண்டு நிமிடம் தவறிப் போகும். நோன்பு திறக்கும் நேரத்தை நோக்கி அமர்ந்திருப்பவர்க்கு இரண்டு நிமிடம் சிறிதன்று.

அசைவை அளக்கும் கருவியை வெப்பம் ஏமாற்றும் வகைக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை. இன்று அத்தகைய கருவிகள் எங்கும் பரவிவிட்டன. கைப்பேசியைத் திருப்பினால் திரையும் திரும்புகிறது. ஆள் நடந்தால் தாழ்வாரத்து விளக்கு எரிகிறது. விலங்கு கடந்தால் காட்டிற் கட்டிவைத்த காமிரா தானே படம் எடுக்கிறது. ஏவூர்தி தான் சாய்ந்த அளவினைத் தானே அறிந்து நிமிர்கிறது. இவற்றினுள் இருந்து அசைவை உணர்ந்து மின்குறிப்பாக மாற்றித் தரும் உறுப்பினை உணரி என்பர். உணரிகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு. எந்த உணரியும் அசைவை நேரே காண்பதில்லை. ஒரு சிறு பொருளின் இடப்பெயர்ச்சியையோ, ஒரு படிகத்தில் எழும் மின்னூட்டத்தையோ, ஒரு பரப்பின்மேல் விழும் கதிரின் ஏற்றத்தாழ்வையோதான் அஃது உணர்கிறது. அதிலிருந்து அசைவை ஊகிக்கிறது. அந்த இடப்பெயர்ச்சியையும் மின்னூட்டத்தையும் கதிரையும் வெப்பமும் உண்டாக்க வல்லது. அசைவு எது, வெப்பம் எது எனப் பிரித்தறியக் கருவிக்குக் கண் இல்லை.

நம் நாஞ்சில் நாட்டினர்க்கு இது தொலைவான சிக்கலாகத் தோன்றக்கூடும். முப்புறமும் கடலும் வடபால் மலையும் அணைத்துக் காக்கும் மண் இது. வேலூர் வெயிலையும் காணோம், உதகைக் குளிரையும் காணோம். கோடையிலும் நிழலில் 33, 34 பாகை என்னும் அளவிலேயே வெம்மை நிற்கிறது. ஆயினும் கருவி உணர்வது வானிலை அறிக்கையின் வெப்பநிலையை அன்று. தன் உறையின் வெப்பநிலையை. மேற்குச் சுவரில் வெயில்படப் பொருத்திய ஓர் இரும்புப் பெட்டியை மாசி மாதத்து மாலையில் தொட்டுப் பார்த்தவர்க்கு இந்த வேறுபாட்டினை விளக்க வேண்டியதில்லை. அதுவேயுமன்றி, சில உணரிகளுக்கு 33, 34 பாகை என்பதே மிகக் கெட்ட வெப்பநிலை. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

அளவிடும்போது வெப்பத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்பது இக்காலத்தார் கண்ட புதுமையன்று. மெர்வு நகரில் வாழ்ந்த அல்-காஸினி கி.பி. 1121-ஆம் ஆண்டளவில் இயற்றிய ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூல், பொருள்களை நீரில் அமிழ்த்தி எடைபோட்டு உலோகக் கலப்பைக் கண்டறியும் தராசினைப் பற்றியது. நீர் சூடானால் அதன் அடர்த்தி மாறும், அதனால் எடையின் முடிவும் மாறும் என்பதை அவர் கருத்திற் கொண்டிருந்தார். அவருக்கு முன்னரே அல்-பிரூனி தண்ணீருக்கும் வெந்நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டை ஆராய்ந்தார். வெப்பமானி பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகட்கு முன் இருந்த நிலை இது.

புன்னையில் ஆடிய ஊசல்

இந்தியாவைத் துல்லியமாக அளந்த பெரும் முக்கோண நில அளவைப் பணி 1802-இல் சென்னையில் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்திய வில்லியம் லாம்ப்டன் 1809-இல் குமரிமுனைப் பகுதியை எட்டினார். இமயம்வரை நீண்ட பெருவில்லின் தென்கோடியாக அமைந்தது, குமரிமுனைக்கு அண்மையில் புன்னை என்று அளவை ஏடுகள் குறிக்கும் நிலையமாகும். லாம்ப்டன் கையாண்டது நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதனைத் தரையில் இழுத்து அவர் அளக்கவில்லை. மரத்தொட்டிகளைத் தாங்கிகளின்மேல் நிறுத்தி, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தி, மேலே கூடாரம் அமைத்து வெயிலை மறைத்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே அளந்தார். காரணம் எளிது. பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டினை எஃகால் அளக்கும்போது, வெப்பநிலையை ஒரு பாகை தவறாகக் கொண்டால் நீளத்தில் 11 சென்டிமீட்டர் பிழை புகும்.

1869-இல் குமரிமுனை அடிக்கோட்டினை அளந்தபோது சங்கிலி போய், கோல்பி என்பார் வகுத்த ஈடுசெய் கோல்கள் வந்துவிட்டன. இரும்புக் கோல் ஒன்றும் பித்தளைக் கோல் ஒன்றும் நடுவே இணைக்கப்பட்டிருக்கும். பித்தளை மிகுதியாக நீளும். இரும்பு குறைவாக நீளும். இரண்டின் முனைகளையும் இணைக்கும் குறுக்கு நாக்கில் ஓரிடத்தில், எவ்வளவு சூடேறினும் நகராத புள்ளி ஒன்று கிடைக்கும். அப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவே அளவு. ஒரு பொருளின் பிழையை மற்றொரு பொருளின் பிழையால் வெட்டும் அழகிய உத்தி இது. ஆனால் இரும்பும் பித்தளையும் ஒரே வேகத்தில் சூடேறுவதில்லை. வெயில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒன்று முந்தும், மற்றொன்று பிந்தும். அந்த இடைவெளியில் ஈடு தவறும். வெப்பம் எவ்வளவு என்பதோடு, எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதும் ஒரு வினா என்பதை இக்கோல்கள் உணர்த்தின. இன்றைய சிலிக்கன் உணரிகளிலும் இவ்வினா அப்படியே நிற்கிறது.

இதே காலத்தில்தான் ஜேம்ஸ் பலாடியோ பசேவி என்னும் படைத்துறைப் பொறியாளர், லண்டன் ராயல் கழகம் இரவல் கொடுத்த ஊசல்களுடன் 1865 முதல் இந்திய நிலையங்கள்தோறும் சென்றார். அவர் ஊசலை ஆட்டிய இடங்களுள் தென்கோடியில் இருந்தது புன்னை. நேரம் பார்ப்பது அவர் நோக்கமன்று. ஊசலின் அசைவு வேகத்திலிருந்து அவ்விடத்துப் புவியீர்ப்பின் வலிமையைக் கணித்தார். காற்றின் தடையை நீக்க, காற்றை வாங்கிவிட்ட உருளைக்குள் ஊசல் ஆடியது. அவ்வாறு கிடைத்த எண்ணையும் அப்படியே ஏற்கலாகாது. வெப்பத்திற்கான திருத்தத்தைச் சேர்த்த பின்னரே அஃது ஈர்ப்பின் அளவாகும். பசேவி 1871-இல் லடாக்கின் உயர்ந்த பீடபூமியில் குளிரிடையே இதே பணியில் உயிர்நீத்தார்.

பெட்டிக்குள் தொங்கும் ஊசல்

பசேவியின் ஊசலுக்கும் இன்றைய அசைவறி கருவிக்கும் உள்ள உறவு வெறும் உவமை அன்று. திருவனந்தபுரத்தை அடுத்த வட்டியூர்க்காவில், நம் மாவட்டத்திலிருந்து ஒரு காலைப் பயணத்தில் எட்டக்கூடிய தொலைவில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நிலைம அமைப்புகள் பிரிவு இயங்கிவருகிறது. நமது ஏவூர்திகளுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் தேவையான முடுக்கமானிகளும் கைரோக்களும் அங்கே உருவாகின்றன. முடுக்கமானி என்பது வேகம் மாறும் அளவினை அறிவது. கைரோ என்பது திரும்பும் அளவினை அறிவது. ஏவூர்திகளுக்குரிய துல்லியமான முடுக்கமானியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சிறு ஊசல் தொங்கும். ஊர்தி முடுக்கம் பெறும்போது ஊசல் விலக முயலும். விலகவிடாமல் காந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருளின் வழியே மின்னோட்டம் செலுத்தி அதனை நடுவிலேயே நிறுத்துவர். நிறுத்தத் தேவைப்பட்ட மின்னோட்டமே முடுக்கத்தின் அளவு.

வெப்பம் இதனுள் எவ்வாறு புகுகிறது? ஊசலைத் தாங்கும் மெல்லிய இணைப்பு சூட்டில் தன் விறைப்பை மாற்றிக்கொள்ளும். நிலைக்காந்தம் சூட்டில் சற்று வலிமை குன்றும். வலிமை குன்றினால் அதே ஊசலை நிறுத்த மிகுதியான மின்னோட்டம் வேண்டும். கருவியோ முடுக்கம் மிகுந்துவிட்டதெனக் கூறும். இஃது அளவுகோற் பிழை. உறுப்புகள் வெவ்வேறு அளவில் விரிவதால் ஊசலின் நடுநிலையே சற்று நகர்ந்துவிடுவதும் உண்டு. அப்போது ஊர்தி அசையாதிருக்கும்போதும் அசைவதாகக் கருவி கூறும். இது சுழிப் பிழை. இரண்டினுள் கொடியது சுழிப் பிழையே. அளவுகோற் பிழை அசையும்போதுதான் பொய் சொல்லும். சுழிப் பிழை உறங்கும்போதும் பொய் சொல்லும்.

அந்தப் பொய் எவ்வளவு விரைவில் பெருகும் என்பதற்கு ஒரு கணக்கு. புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு சுழிப் பிழை இருப்பதாகக் கொள்வோம். கைப்பேசிகளிலுள்ள மலிவான உணரிகளில் சில பாகை வெப்ப மாற்றமே இதனை உண்டாக்கப் போதும். முடுக்கத்தைக் கூட்டி வேகமும், வேகத்தைக் கூட்டித் தொலைவும் காணவேண்டியிருப்பதால் பிழையும் இருமுறை கூட்டப்படும். ஒரு நிமிடத்தில் கருவி ஏறத்தாழ 18 மீட்டர் வழிதவறிவிடும். பத்து நிமிடத்தில் அஃது 180 மீட்டர் அன்று. 1,760 மீட்டருக்கும் மேல். காலம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்காகிறது. கைரோவிலும் இவ்வாறே. வினாடிக்கு நூற்றில் ஒரு பாகைக் கோணம் என்னும் அற்பப் பிழை, ஒரு மணி நேரத்தில் 36 பாகைக் கோணமாகத் திரண்டுவிடும். பூமியே ஒரு மணி நேரத்தில் 15 பாகைதான் சுழல்கிறது.

கைப்பேசி உணரி என்றேன். அதனுள்ளும் ஊசலின் வழித்தோன்றலே இருக்கிறது. மயிரிழையினும் நுண்ணிய சிலிக்கன் வில்களில் ஒரு சிலிக்கன் துணுக்கு தொங்குகிறது. அதன் விரல்கள் சீப்பின் பற்கள்போல் மற்றொரு சீப்பின் பற்களிடையே நிற்கின்றன. துணுக்கு அசைந்தால் பற்களின் இடைவெளி மாறும், மின்தேக்குத்திறன் மாறும். சிலிக்கன் ஒரு பாகைக்குப் பத்து லட்சத்தில் இரண்டரைப் பங்கு அளவே விரியும். அதனைத் தாங்கும் மின்சுற்றுப் பலகையோ ஐந்து, ஆறு மடங்கு மிகுதியாக விரியும். சூடேறும்போது பலகை உணரியை இழுத்து வளைக்கிறது. வளைந்தால் பற்களின் இடைவெளி மாறுகிறது. கருவிக்கு இதுவும் அசைவுதான். அதிர்ந்துகொண்டே இருக்கும் கைரோ வகையில் இன்னொரு தொல்லை சேரும்: சூட்டில் சிலிக்கனின் விறைப்புக் குறைவதால் அதிர்வெண்ணே இறங்கிவிடும்.

பொறியாளர்கள் இதற்குச் செய்யும் பரிகாரங்களில் பழையது, கருவியை வெளி வெப்பத்தினும் உயர்ந்த ஒரு நிலையான வெப்பத்தில் அடுப்புப்போல் வைத்திருப்பது. இது நன்று, ஆனால் மின்சாரத்தை விழுங்கும், ஆயத்தமாகவும் நேரம் பிடிக்கும். அடுத்தது, விரியாப் பொருளைத் தேடுவது. 1896-இல் கியோம் கண்டறிந்த இன்வார் என்னும் இரும்பு-நிக்கல் கலப்புலோகம் இவ்வகையது. அவர்க்கு 1920-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்ததும் இத்தகைய கலப்புலோக ஆராய்ச்சியே. மூன்றாவது, இன்று எங்கும் வழங்குவது: பிழையை ஒழிக்க முயலாமல் அதனை அளந்துவிடுவது. கருவியைச் சூட்டறையில் வைத்துக் குளிரிலிருந்து வெம்மைவரை படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் அது சொல்லும் பொய்யைக் குறித்து அட்டவணையாக்கி, ஒரு வெப்பமானியுடன் சேர்த்துக் கருவிக்குள்ளேயே பதித்துவிடுவர். லாம்ப்டன் தம் குறிப்பேட்டில் செய்த திருத்தத்தை இப்போது சில்லு தானே செய்துகொள்கிறது.

இவ்வட்டவணைக்கும் பிடிபடாதன சில உள. சூடேறிய கருவி, ஆறி அதே வெப்பநிலைக்கு வந்தாலும் பழைய எண்ணையே காட்டும் என்பதற்கு உறுதியில்லை. பசைகளும் பற்றாசும் முன்பட்ட சூட்டை நினைவில் வைத்திருக்கும். விரைவாகச் சூடேறும்போது வெப்பமானி ஓர் இடத்திலும் உணரி மற்றோர் இடத்திலும் இருப்பதால் இரண்டும் வேறு வெப்பநிலையில் நிற்கும். இரும்பும் பித்தளையும் முந்தியும் பிந்தியும் சூடேறிய கதைதான் இது.

நிலவின் வெம்மை

2008 அக்டோபர் 22-ஆம் நாள் ஏவப்பட்ட சந்திரயான்-1 நிலவைச் சுற்றி வந்தபோது நேர்ந்தது, வெப்பத்திற்கும் உணரிக்கும் இடையேயான போராட்டத்தில் நாடறிந்த ஒரு படலம். அதன் திட்ட இயக்குநர் பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. நவம்பர் இறுதிக்குள்ளாகவே கலத்தின் வெப்பநிலை 50 பாகையை எட்டியது. மேலே கதிரவன், கீழே கதிரவனால் சூடேறி அச்சூட்டையே திருப்பி வீசும் நிலவின் தரை. கலத்தைச் சற்றுத் திருப்பியும், கருவிகள் சிலவற்றை நிறுத்திவைத்தும் வெம்மையைத் தணித்தனர்.

விண்கலம் தான் எத்திசை நோக்கி நிற்கிறது என்பதை இரண்டு வகையில் அறியும். கைரோ, தான் திரும்பிய கோணங்களைக் கூட்டிக்கொண்டே போய்த் திசையைச் சொல்லும். ஆனால் கூட்டக் கூட்டப் பிழையும் கூடும். விண்மீன் உணரி, விண்மீன்களைப் பார்த்து அப்பிழையை அவ்வப்போது திருத்தும். கட்டுமரத்தில் செல்பவர் கைக்கணக்கால் வழி வைத்து, விண்மீன் தெரிந்ததும் சரிபார்த்துக்கொள்வதைப் போன்றது இது. 2009 ஏப்ரலில் விண்மீன் உணரி பழுதுற்றது. திருத்துவார் இன்றிக் கைரோக்கள் தனித்து நின்றன. அலைவாங்கி எத்திசை நோக்குகிறது என்பதையும், நிலவின் படத்தில் எப்பகுதி தெரிகிறது என்பதையும் கொண்டு தரையிலிருந்தே கைரோக்களின் பிழையைத் திருத்திக் கலத்தை நடத்தினர். மே 19-இல் சுற்றுப்பாதை 100 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 29-இல் தொடர்பு அற்றது. இரண்டு ஆண்டுகள் எனத் திட்டமிட்ட பணி 312 நாள்களில் முடிந்தது. நிலவின் வெம்மையை முன்னரே சரிவரக் கணிக்க இயலாமற் போனதை நிறுவனத்தினரே பின்னர் வெளிப்படக் கூறினர். அந்த நேர்மை போற்றத்தக்கது. அதற்குள் நிலவில் நீரின் சுவட்டைக் கண்டுவிட்ட கலத்தைத் தோல்வி என்று எவரும் கூறார்.

2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கிய சந்திரயான்-3, ஒளியைச் சுழலவிட்டுத் திரும்பலை அளக்கும் லேசர் கைரோக்களைச் சுமந்து சென்றது. சுழலும் சக்கரம் அதில் இல்லை; ஆகவே உராய்வும் இல்லை. ஆயினும் ஒளி செல்லும் பாதை நீண்டால் அளவு பிறழும் என்பதால், இவ்வகைக் கைரோக்களின் உடலை ஏறத்தாழ விரிவே இல்லாத சிறப்புக் கண்ணாடியாற் செய்வது வழக்கம். அதே கலம் நிலவின் தரையில் இல்சா என்னும் அதிர்வறி கருவியையும் வைத்தது. அதனுள் இருந்தவை சிலிக்கனில் செதுக்கிய ஆறு முடுக்கமானிகள். ஆகஸ்ட் 25-இல் உருளியின் நகர்வையும், 26-இல் இயற்கையாக எழுந்ததாகத் தோன்றிய ஓர் அதிர்வையும் அவை பதிந்தன. அக்கருவி நின்ற நிலம் எத்தகையது? கலத்தின் வெப்பமானி தரையின் மேற்பரப்பில் 50 பாகைக்கு மேலும், எட்டுச் சென்டிமீட்டர் ஆழத்தில் சுழிக்குக் கீழே 10 பாகையும் காட்டியது. ஒரு சாண் ஆழத்திற்குள் அறுபது பாகை வேற்றுமை! அத்தகைய தரையில் நின்றுகொண்டு, இது நிலவின் அதிர்வு, இது என் உடல் சூட்டில் நெளிவது எனப் பிரித்தறிவது எளிய செயலன்று. இந்நிறுவனத்தை 2018 முதல் 2022 வரை வழிநடத்திய கே. சிவன் சரக்கல்விளையிலும், 2025 ஜனவரியில் அப்பொறுப்பை ஏற்ற வி. நாராயணன் மேலக்காட்டுவிளையிலும் பிறந்தவர்கள் என்பதை ஈண்டு நினைவுகூர்வது நம்மவர்க்கு இயல்பே.

தோரமல்லிக் கல்

இதுவரை கண்டவற்றில் வெப்பம் அழையா விருந்தாளி. இனிக் காணப்போவதில் வெப்பமே அழைக்கப்பட்ட விருந்தாளி.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர் இலங்கையிலிருந்து ஒரு மணிக்கல்லைக் கொண்டுசென்றனர். அதனைச் சூடான சாம்பலருகே வைத்தால் சாம்பலைத் தன்பால் இழுக்கும். சாம்பல் இழுப்பான் என்றே அவர்கள் அதற்குப் பெயரிட்டனர். சிங்களத்தில் அத்தகைய கற்களுக்குத் தோரமல்லி என்று பெயர். அச்சொல்லிலிருந்தே டூர்மலின் என்னும் ஐரோப்பியப் பெயர் பிறந்தது. காயல்பட்டினத்திலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் இலங்கைக்குச் சென்று மணிக்கல் வாணிபம் செய்த நம் முன்னோர் கைகளிலும் அக்கல் புரண்டிருக்கும். வெப்பம் மாறினால் படிகத்தில் மின்னூட்டம் எழுகிறது என்பதே அந்த இழுப்பின் மறைபொருள். 1880-இல் கியூரி சகோதரர் இருவரும் இதே கல்லிலும் குவார்ட்சிலும் மற்றொரு பண்பைக் கண்டனர்: அழுத்தினாலும் மின்னூட்டம் எழுகிறது.

ஒரே கல்; இரண்டு பண்பு. அழுத்த மின்பண்பு உள்ள படிகங்களைக் கொண்டு பெரும் பொறிகளின் அதிர்வறியும் கருவிகளைச் செய்கின்றனர். அத்தகைய கருவியில் வெப்ப மின்பண்பும் உள்ள படிகம் இருப்பின், ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசுவதுபோன்ற குளிர்காற்று வெயிலில் காய்ந்த உறைமேல் திடீரெனப் பட்டதும், எந்த அதிர்வும் இன்றியே மெல்லிய மின்னூட்டம் எழும். கருவி அதனை மெதுவான அசைவு எனப் படிக்கும். அதிர்வறி கருவிக்குக் குற்றமான இப்பண்பையே குணமாக்கிக் கொண்டது, ஆள் நடந்தால் விளக்கேற்றும் உணரி.

அதன் இயக்கம் இவ்வாறு. நம் தோலும் உடையும் 30 பாகைக்குமேல் வெம்மை உடையன. அவை கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கின்றன. உணரியில் வெப்ப மின்பண்பு வாய்ந்த இரண்டு சிறு தகடுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். முன்னுள்ள வரிகொண்ட பிளாஸ்டிக் வில்லை, பார்வைப் பரப்பைப் பல கீற்றுகளாகப் பிரிக்கும். ஆள் குறுக்கே நடக்கும்போது அவருடைய கதிர் ஒரு தகட்டில் விழுந்து பின் மற்றதில் விழும். மின்குறிப்பு ஏறி இறங்கும். அறை முழுவதும் சேர்ந்து சூடேறினால் இரு தகடுகளும் ஒன்றாகச் சூடேறி ஒன்றையொன்று வெட்டிவிடும்.

ஆனால் உணரி காண்பது ஆளின் வெம்மையை அன்று. ஆளுக்கும் பின்னுள்ள சுவருக்கும் இடையேயுள்ள வெம்மை வேற்றுமையை. தோலின் வெப்பநிலை 33 பாகை, சுவர் 23 பாகை எனின், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 62 வாட் அளவு கதிர் வேற்றுமை இருக்கும். அதே சுவர் 31 பாகைக்குச் சூடேறினால் வேற்றுமை 13 வாட்டாகச் சுருங்கிவிடும். ஐந்தில் ஒரு பங்கு. சுவரும் 33 பாகை ஆகிவிட்டால் உணரிக்கு ஆளும் சுவரும் ஒன்றே. குளிர்நாட்டில் வகுத்த கருவி, நம் ஊர்ச் சித்திரை நண்பகலில், திருடன் எதிரே நடந்தாலும் வாளாவிருக்கும் என்பதன் காரணம் இதுவே. 34 பாகை கெட்ட வெப்பநிலை என்று முன்னர்க் கூறியதும் இது பற்றியே.

நண்பகலில் மறையும் விலங்கு

வீட்டு விளக்கு எரியாமற் போனால் தடவிப் போய்க்கொள்ளலாம். காட்டில் நிலைமை வேறு. 2018-ஆம் ஆண்டின் இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிராக்கள் கட்டப்பட்டு, மூன்று கோடியே நாற்பத்தெட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. புலிகள் இருந்த படங்கள் 76,651. இத்தகைய காமிராக்களைத் தூண்டுவது பெரும்பாலும் மேற்கூறிய அகச்சிவப்பு உணரியே. நம் மாவட்டத்து வனஉயிரின உய்விடமும், அதனை அடுத்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் மலையுச்சியில் குளிர்ந்தும் அடிவாரத்தில் காய்ந்தும் கிடப்பன. உச்சியில் ஒருவகையாகவும் அடிவாரத்தில் வேறுவகையாகவும் அதே காமிரா பணியாற்றும். இரவிலும் விடியலிலும் மிளா கடந்தால் தவறாது படம் விழும். கோடை நண்பகலில் பாறையும் மணலும் விலங்கின் மயிர்ப்பரப்புக்குச் சமமாகச் சூடேறும் வேளையில் அதே மிளா கடந்தாலும் படம் விழாமற் போகலாம். பாறை மேலும் கொதித்து விலங்கினும் வெப்பமாகிவிட்டால், வெம்மைப் பரப்பில் நகரும் குளிர்ந்த நிழலாக விலங்கு மீண்டும் தட்டுப்படும் என்பது விந்தை. அப்போதோ வெயிற்பட்ட இலையின் அசைவும் வெங்காற்றும்கூடக் காமிராவைத் தூண்டி வெறும் படங்களைக் குவிக்கும். பாம்பு, ஆமை முதலியன சுற்றுப்புற வெம்மையையே தம் வெம்மையாகக் கொள்வன ஆதலின் எப்போதும் இவ்வுணரிக்கு எளிதில் அகப்படுவதில்லை.

ஆகவே, “நண்பகலில் இவ்விலங்கு நடமாடுவதில்லை” என்று படங்களைக் கொண்டு ஒருவர் முடிவு கூறுவாராயின், அவர் விலங்கின் இயல்பைக் கூறுகிறாரா, உணரியின் இயல்பைக் கூறுகிறாரா என்று கேட்டல் தகும். இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. யானை எந்நேரத்தில் எவ்வழி கடக்கும் என்பதை வைத்தே காட்டோரத்தில் உழவரின் காவல் முறையும், தண்டவாளத்தில் ரயிலின் வேகமும் வகுக்கப்படுகின்றன. யானையின் தோல் சுற்றுப்புற வெம்மையை ஒட்டியே மாறுவது. அத்துணைப் பெரிய உடலும் வெம்மைக் கண்ணுக்கு மங்கலாகும் வேளை உண்டு. கோவையை அடுத்த மதுக்கரையில் யானைகள் ரயிலில் அடிபடுவதைத் தடுக்க 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய கண்காணிப்பு அமைப்பில், 12 கோபுரங்களில் வெப்பக் காமிராக்களும் சாதாரணக் காமிராக்களும் சேர்த்தே வைக்கப்பட்டன. இரவில் வெம்மை காட்டிக்கொடுக்கும். பகலில் உருவம் காட்டிக்கொடுக்கும். ஒன்று குருடாகும் வேளையில் மற்றொன்று விழித்திருக்கும்.

இனி இல்லங்களில் இவ்வுணரியைப் பொருத்துவோர் கருதவேண்டியவை. மாலை வெயில் படும் மேற்குச் சுவரை நோக்கி அதனைத் திருப்பி வைத்தல் ஆகாது. சமையற்கட்டின் வாயிலுக்கு எதிரேயும், குளிர்சாதனக் காற்று நேரே மோதும் இடத்திலும் வைத்தல் ஆகாது. ஆள் உணரியை நோக்கி நேரே வருவதினும் குறுக்கே கடக்கும்படி வைத்தால் வேற்றுமை குறைந்த வேளையிலும் ஓரளவு உணரும். வாங்கும்போது, வெப்பநிலைக்கேற்பத் தன் கூர்மையைத் தானே கூட்டிக்கொள்ளும் அமைப்பு உண்டா என்று கேட்கலாம். கூர்மை கூடினால் பொய்யெழுப்பலும் சற்றே கூடும். எல்லாவற்றினும் மேலாக, பொருத்துபவர் காலையில் நடந்து காட்டிச் சரியென்று சொல்லிப் போனபின், வெயில் உச்சிக்கு வந்த லுஹர் வேளையில் ஒருமுறை நாமே குறுக்கே நடந்து பார்ப்பது நலம்.

காட்டுக் காமிராக்கள் பலவற்றில் படத்தின் ஓரத்தில் நாளும் நேரமும் அச்சாவதோடு வெப்பநிலையும் அச்சாகிறது. பலரும் அவ்வெண்ணைப் பாராமலே படத்தை மட்டும் எண்ணுவர். அதனையும் சேர்த்துப் படித்தால் எந்த வெம்மைக்கு மேல் படங்கள் குறையத் தொடங்குகின்றன என்பது தெரியவரும். அந்நேரங்களின் எண்ணிக்கையை ஐயத்துடன் கையாள இயலும். ஒன்று மட்டும் மறத்தலாகாது. அவ்வெப்பமானி இருப்பது காமிராப் பெட்டிக்குள்ளே. வெயிலில் கட்டிய பெட்டியாயின், அது காட்டும் எண் காட்டின் வெம்மை அன்று, பெட்டியின் வெம்மை.